என் நாடகத்துக்கு அழுதவுகள நம்பாத

ஏலே, இதைக் கையில வாங்குனதும் கதவச் சாத்திக்கிட்டுப் படி. படிச்சு முடிச்சதும் கிழிச்சுத் தீய வச்சிரு. உன் பேரையும் எழுதல, அந்தப் பிள்ளை பேரையும் எழுதல, ஊர்ப் பேரையும் எழுதல. எவன் கையிலயாச்சும் சிக்குனா மொதப் பார்வைக்குத் தெரியாம இருக்கட்டும்னுதான். போன்ல சொல்லக் கூடாதாம்மான்னு கேப்ப. நம்ம வீட்டுக்குள்ள டவர் எடுக்காது, தெருவுக்கு வந்து நின்னு கத்தணும். செவுத்துக்கு அந்தப் பக்கம் உங்க சித்தப்பா வீடு. அதான், திருவாடானையில என் தங்கச்சியப் பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு அங்கன போயி இதைத் தபால்ல போடப் போறேன். பயந்து சாகுறேன்டா. ஒரு மாசத்துக்கு முந்தி வரைக்கும் நான் இப்பிடி இல்ல. இப்ப நாய் கொலைச்சாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கிர்றேன்.

திருவிழாவுக்கு அவளையும் கூட்டிக்கிட்டு வாரேன்னு நீ போன்ல சொன்ன அன்னைக்கு நான் ரோட்டடியில தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நின்னேன். "நாடகத்தன்னைக்கு மொத வரிசையில சேர் போட்டு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரப் போறோம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. போன வருசம் உன் நாடகத்துல அந்த ரெண்டு பேரும் செத்ததுக்கு ஊரே அழுதுச்சுல்ல? ஊருக்கு மனசு மாறிருச்சும்மா. நீதான் மாத்துன" அப்பிடின்னு சொன்ன. சந்தோசமாச் சொன்ன. என்னையப் பெருமைப்படுத்துறதா நெனச்சுக்கிட்டுச் சொன்ன. தொட்டி வெளிம்புல அப்பிடியே உக்காந்துட்டேன். தண்ணி பிடிக்க வந்தவ ஒருத்தி, "என்ன வாத்தியாரம்மா, மயக்கமா?"ன்னு கேட்டா. வெயிலுன்னு சொன்னேன். கூறு கெட்ட பயலே, அழுதாக அழுதாகங்கிறியே, அவுக ஏன் அழுதாகன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அழ வச்சவ நான். எந்த எடத்துல எப்பிடிச் செஞ்சேன்னு ஒவ்வொண்ணாச் சொல்றேன், கேட்டுக்க. கேட்டுட்டு அதுக்கப்புறமும் வாரேன்னு சொன்னா நீ என் வயித்துல பொறந்தவனே இல்ல.

நான் என்ன பெரிய படிப்பா படிச்சிருக்கேன். மிளகாய்த் தோட்டத்துல கெடந்தவ. ஒரு வருசம் நம்ம முளைப்பாரித் திருவிழாவுக்கு வெளியூரு நாடகக்காரவுக வர முடியாமப் போயி, மேடை போட்டு, பந்தல் போட்டு, ஆளில்லாம கமிட்டிக்காரவுக தலையில கை வச்சு உக்காந்தப்ப, உங்க அய்யா வாயி சும்மா இருக்காம, "எங்க வீட்ல ஒருத்தி எந்நேரமும் கதை சொல்லிக்கிட்டேதான் இருக்கா"ன்னு சொல்லிட்டாக. அன்னைக்குப் புடிச்ச சனியன். நம்ம தெருப் பயலுக வேசம் கட்ட, பொம்பள வேசத்துக்கு மட்டும் மதுரைப் பக்கத்துல இருந்து ஒரு பிள்ளை வர, இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டிருக்கு. ஊருக்குள்ள என்னைய வாத்தியாரம்மான்னு கூப்பிடுறாகளே, அது ஏதோ பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்ததால இல்ல, உனக்கே தெரியும்.

போன வருசம் போட்ட ராசு, செவ்வந்தி கதைய நான் எழுதுறப்ப எனக்கு ஒரே ஒரு கவலைதான். சனம் எந்திரிச்சுப் போயிரக் கூடாது. மேடைக்குப் பின்னாடி பஜ்ஜிக் கடை, பலூன்காரன், ராட்டினம். மொத கால்மணி நேரத்துல புடிச்சு உக்கார வைக்கலைன்னா பெறகு சேர் மட்டுந்தான் இருக்கும். அதனால பபூன அனுப்பி, வந்ததும் வராததுமாச் சொல்ல வச்சேன்: "ஐயாமாரே, ஆத்தாமாரே, இந்தக் கதையில ஒரு பயலும் ஒரு பிள்ளையும் சாகப் போறாக. இப்பயே சொல்லிப்புட்டேன். பெறகு வந்து என் சட்டையப் பிடிக்கக் கூடாது." எல்லாரும் சிரிச்சாக. சிரிச்சிட்டு உக்காந்தாக. சாவு வருதுன்னு தெரிஞ்சவன் எந்திரிச்சுப் போக மாட்டான்டா. அவுக ரெண்டு பேருக்குத் தெரியாது, பாக்குற நமக்குத் தெரியும். அதுக்குப் பெறகு அந்தப் பிள்ளை ஒரு பூவ எடுத்துத் தலையில வச்சாக்கூட நமக்கு ஐயோன்னு இருக்கும். எழுதுறப்ப எனக்கு அது பெரிய சாமர்த்தியமாத் தெரிஞ்சுச்சு. இப்ப நீ போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறப்ப எனக்கும் அதே ஐயோதான் வருது. என்னைய யாரோ சேர்ல உக்கார வச்சுட்டாக.

அடுத்து அவுகளச் சண்டை போட விட்டேன். எடுத்த எடுப்புல காதல்னு காட்டுனா பெருசுக மூஞ்சியச் சுளிச்சிரும். செவ்வந்தி ஆடு ராசு தோட்டத்துல நொழைஞ்சு குண்டு மிளகாயத் தின்னுருச்சு. அவன் ஆட்டப் பிடிச்சுக் கட்டிப் போட்டுட்டு, மன்னிப்புக் கேட்டாத்தான் அவுத்து விடுவேங்கிறான். அவ ஆட்டோட வாயத் தொறந்து பாத்துட்டு, "எரிச்சல்ல நாக்கு செவந்து போச்சு, நீதான் என் ஆட்டுக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்"ங்கிறா. இம்புட்டுத்தான். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. நம்மளச் சிரிக்க வச்சவுக மேல நமக்கு ஒரு ஒட்டுதல் வந்துருது. அவுக நம்ம வீட்டுப் பிள்ளைகளாயிர்றாக. பெறகு ஆளுக்கொரு சின்ன ஆசையக் குடுத்தேன். அவனுக்கு ஒரு பழைய வண்டி வாங்கணும். அவளுக்குக் கடலப் பாக்கணும். இந்தா இருக்கு மாரியூரு, பஸ் ஏறுனா கடல், ஆனா அவ பாத்ததே இல்ல, வயக்காட்டு வேலைக்கு நடுவுல யாரு கூட்டிக்கிட்டுப் போனா? "வெள்ளிக்கெழம கூட்டிட்டுப் போறேன்"ங்கிறான் ராசு. பொம்பளைக பக்கத்துல இருந்து 'ம்ச்சு'ன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாரு. அந்த வெள்ளிக்கெழமதான்னு அவுகளுக்குப் புரிஞ்சு போச்சு. நான் மேடைக்குப் பின்னாடி நின்னு, மாட்டுனியளா மாட்டுனியளான்னு சந்தோசப்பட்டேன். எம்புட்டுக் கொழுப்பு எனக்கு.

கடைசியா, கருவேல மரத்துக்குப் பின்னாடி செவ்வந்தியோட மாமன நிக்க வச்சேன். அவன் நிக்கிறது நமக்குத் தெரியும். அதுக ரெண்டும் முதுகக் காட்டிக்கிட்டு கடலப் பத்திப் பேசிக்கிட்டிருக்குதுக. பொம்பளைக பக்கத்துல இருந்து ஒருத்தி எந்திரிச்சு, "ஏ புள்ள, திரும்பிப் பாருடி! ஏ செவ்வந்தி!"ன்னு கத்திப்புட்டா. மேடையில இருந்த அந்த மதுரைப் பிள்ளைக்கே தூக்கிப் போட்டுருச்சாம். அம்புட்டுத்தான்டா விசயம். பாதி நாடகத்துக்கு முன்னாடியே ஊரு என் கைக்குள்ள வந்துருச்சு. அதுக்கப்புறம் அவுகளக் கொன்னா அழாம என்ன செய்வாக? நான் குடுத்த ஆசை, நான் குடுத்த ஆடு, நான் நிக்க வச்ச மாமன். அழுதது அவுக மனசு இல்ல, நான் சொருகுன சாவி.

அன்னைக்கு எல்லாரையும் விட ரொம்ப அழுதது யாருன்னு உனக்கு ஞாவகம் இருக்கும். உங்க சித்தப்பா. நாடகம் முடிஞ்சதும் மேடை ஏறி, ராசு வேசம் கட்டுன பயலக் கட்டிப் பிடிச்சு, தோள்ல கெடந்த துண்ட எடுத்து அவனுக்குப் போட்டு, மைக்குல பேச்சு வராம நின்னாரு. "எங்க மதினி எங்களக் கொன்னுட்டாக"ன்னாரு. உன்னையத் தோள்ல தூக்கி வச்சு மாரியூரு கடலுக்குள்ள எறங்குனவரு அவருதான். நீ காய்ச்சல்ல கெடந்தப்ப பரமக்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனவரு. கெட்டவரா இருந்தா எனக்கு இம்புட்டுப் பயம் இல்லடா. கெட்டவன எங்கன இருந்து வாரான்னு பாத்து ஒதுங்கிக்கிரலாம். இவரு நல்லவரு, உன் மேல உசுரா இருக்காரு, எங்கிட்டு ஒதுங்குறது?

பொங்கலுக்குப் பெறகு ஒரு நாள் காலையில நம்ம வீட்ல இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. டிவியில செய்தி. எங்கயோ வேற சில்லாவுல ஒரு பயலையும் பிள்ளையையும் பிள்ளையோட வீட்டு ஆளுகளே வெட்டிப் போட்டுட்டாக. வேற வேற தெரு. என் கையில கரண்டி அப்பிடியே நிக்குது. உங்க சித்தப்பா டிவியப் பாத்தாரு. குரல்ல கோவம் இல்ல, ஒண்ணும் இல்ல, மழை வரும்போல இருக்குன்னு சொல்ற மாதிரி, "பெத்தவன் வேற என்ன செய்வான்"னாரு. சொல்லிட்டு தட்ட நீட்டி, "மதினி, இன்னங் கொஞ்சம் சட்டினி"ன்னாரு. ஊத்துனேன். நான் ஊத்துனேன்டா. அந்தச் செய்தியில இருந்த பிள்ளைக்கு என்ன ஆசை இருந்துச்சோ, எந்த ஆடு யாரு தோட்டத்துல மேஞ்சுச்சோ, அதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லல. தெரு மட்டும் சொன்னாக. அதுபோதும்.

நீ கேப்ப, உன் நாடகத்துலயும் ரெண்டு குடும்பத்துக்கும் பகைதானம்மான்னு. ஆமா, பகைதான். என்ன பகை? கண்மாய் மடைத் தண்ணிக்கு அடிச்சுக்கிட்ட பகை. ராசு எந்தத் தெரு, செவ்வந்தி எந்தத் தெரு, நான் ஒரு எடத்துலயும் சொல்லல. மறந்து விடல, வேணும்னேதான் விட்டேன். சொல்லியிருந்தா பாதி ஆளு சேரத் தூக்கியிருப்பான், மீதி ஆளு எந்திரிச்சுப் போயிருப்பான். சொல்லாம விட்டதால மேலத்தெருக்காரன் ரெண்டும் நம்ம பிள்ளைகன்னு அழுதான். நடுவுல பிரிச்சுக் கட்டியிருந்த கயித்துக்கு அந்தப் பக்கம் ஓரமா நின்னுக்கிட்டிருந்த கீழத்தெருச் சனம் ரெண்டும் எங்க பிள்ளைகன்னு அழுதுச்சு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அழுததப் பாத்து நானும் ஏமாந்தேன், நீயும் ஏமாந்த.

ஏமாறாதவ ஒருத்திதான். கயித்துக்கு அங்கிட்டு ஒரு பிள்ளை கையக் கட்டிக்கிட்டு நின்னா. சுத்தி எல்லாரும் மூக்கச் சிந்துறாக, அவ கண்ணு காஞ்சு கெடக்கு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. எவடா இவ, என் நாடகத்துக்கு அழாதவன்னு மேடைக்குப் பின்னாடி நின்னு அவளையே முறைச்சேன். நீ கட்டிக்கப் போற பிள்ளை அவதான்னு இப்ப நீ சொல்லித்தான் தெரியும். அதோட விட்டியா? "அவளுக்கு உன் நாடகம் பிடிக்கலையாம்மா. இதுல எங்க தெரு எங்கன இருக்குன்னு கேக்குறா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்ன. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்குள்ள வரப் போறவ வாரதுக்கு முன்னாடியே மாமியார்கிட்டக் குத்தம் கண்டுபிடிக்கிறாளான்னு தோட்டத்துல வச்சு உங்க அய்யாகிட்டச் சத்தம் போட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கல. மூணாம் நாளுதான் அவ கேட்டது சரின்னு உறைச்சுச்சு. உறைச்சதும் சும்மா இருந்திருக்கணும். இருந்தேனா?

இருக்கல. என் கை சும்மா இருக்காதுல்ல. நீ சொல்ற மாதிரி ஊருக்கு மனசு மாறியிருந்தாலும் மாறியிருக்கும், பாத்துப்புடுவோம்னு நெனச்சேன். உன்னைய வர வேண்டாம்னு சொல்லவும் மனசில்ல, வான்னு சொல்லவும் தைரியமில்ல. அதனால இந்த வருசமும் அதே நாடகத்தக் கமிட்டிக்காரவுக போடச் சொன்னப்ப, பபூன் பேச்சுல ஒரே ஒரு வரியச் சேத்தேன். "பயல் மேலத்தெரு, பிள்ளை கீழத்தெரு." அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் அதே ஆடு, அதே மிளகாய், அதே கடலு. மந்தையில வேப்பமரத்தடியில சாயங்காலம் ஒத்திகை. பபூன் பய அந்த வரியப் படிச்சான். மத்தளக்காரரு கைய எடுத்துட்டாரு. ராசு வேசம் கட்டுற பய, போன வருசம் துண்டு வாங்குனவன், தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அத்தை, இந்த வரி வேணாமே"ன்னான். ஏன்டான்னு கேட்டேன். "நல்லா இருக்காது அத்தை." ஆட்டுச் சண்டையப் படிக்கச் சொன்னேன். அதே ஆட்டுச் சண்டை. ஒரு பய சிரிக்கல. சுத்தி உக்காந்திருந்தவுக ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாக. அப்ப பின்னாடி இருந்து ஒருத்தன் கேட்டான்: "யாரப் பத்தி அத்தை எழுதியிருக்கீக?"

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ஊரச் சோதிச்சுப் பாக்குறேன்னு போயி உன்னையக் காட்டிக் குடுத்துட்டேன்டா. வேற எந்தத் தாயும் இப்பிடி ஒரு முட்டாத்தனம் செய்ய மாட்டா. வேற ஒருத்தியா இருந்தா வாயப் பொத்திக்கிட்டு இருந்திருப்பா. எனக்குத்தான் எல்லாத்தையும் மேடையில ஏத்திப் பாக்கணும். "சும்மா, புதுசா இருக்கட்டும்னு போட்டுப் பாத்தேன்டா, பிடிக்கலைன்னா எடுத்துருவோம்"னு சிரிச்சுக்கிட்டே அந்தத் தாளக் கிழிச்சேன். எல்லாரும் உசுரு வந்த மாதிரிப் பேச ஆரம்பிச்சாக. ஆனா கிழிச்ச தாளுதான் போச்சு, கேட்ட கேள்வி போகலையே.

மறுநாக் காலையில உங்க சித்தப்பா வந்தாரு. வழக்கமா வாசல்ல இருந்தே மதினின்னு சத்தம் குடுத்துக்கிட்டு வாரவரு, அன்னைக்குச் சத்தமில்லாம வந்து அடுப்படி வாசல்ல நின்னாரு. காப்பி குடுத்தேன். சீனி போட மறந்துட்டேன். "என்ன மதினி, சீனி இல்லையே?"ன்னாரு. ஏதோ ஞாவகத்துல விட்டுட்டேன்னேன். தலையாட்டிக்கிட்டாரு. காப்பியக் குடிச்சு முடிச்சு டம்ளரக் கீழ வச்சுட்டு, "தம்பி எப்ப வாரான்?"னாரு. நீ காலேசு படிச்சதுல இருந்து இம்புட்டு வருசமா அவரு இதைக் கேட்டதே இல்ல. நீயா வந்து நிப்ப, அவரு கறி எடுத்துக்கிட்டு வருவாரு, அம்புட்டுத்தான் பழக்கம். லீவு கெடைக்கலையாம், இந்த வருசம் வரலையாம்னு சொன்னேன். "அப்பிடியா"ன்னாரு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, "கோயம்புத்தூர்ல எந்தப் பக்கம் இருக்கான், ஒரு நாளு போயிப் பாத்துட்டு வரணும்"னாரு. எனக்கு வெலாசம் தெரியாது, அவுக அய்யாவுக்குத்தான் தெரியும்னேன். செவுத்துல மாட்டியிருந்த உன் போட்டாவப் பாத்துக்கிட்டே நின்னாரு. கண்ணுல தண்ணி. பாசந்தான்டா அது, சத்தியமாப் பாசந்தான். அதைப் பாத்துத்தான் எனக்குப் பயமே.

உங்க அய்யாவுக்கு எல்லாம் தெரியும். உன் மேல கோவமா இருக்காகளா, வருத்தமா இருக்காகளான்னு எனக்கே தெரியல. மொத நாளு, "இவனுக்கு வேற பிள்ளையே கெடைக்கலையா"ன்னாக. சித்தப்பா வந்துட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலம் தோட்டத்துக்குப் போறேன்னு போனவுக வரப்புலயே உக்காந்துட்டாக. தேடிப் போனேன். "அவன் என் கூடப் பொறந்தவன்"னாக. பெறகு, "பயல வர வேண்டாம்னு சொல்லிரு. அவன் எங்கனயாச்சும் உசுரோட இருக்கட்டும்"னாக. அந்த மனுசன் அழுது அன்னைக்குத்தான் பாத்தேன். என் நாடகத்துக்கே அழாத ஆளு.

அதனால நான் சொல்றத இப்ப ஒழுங்காக் கேளு. கேள்வி கேக்காத. அடுத்த செவ்வாக்கெழம ஊர்ல காப்புக் கட்டு. காப்புக் கட்டிட்டா திருவிழா முடியிற வரைக்கும் ஊர்க்காரன் ஒருத்தனும் ராத்திரி எல்லையத் தாண்டித் தங்கக் கூடாது. எங்கன போனாலும் பொழுது சாய வீடு வந்து சேந்துரணும். எவன் மீறுனாலும் உங்க சித்தப்பா மீற மாட்டாரு. காப்புக் கட்டுறதே அவரு கையிலதான். மஞ்சக் கயித்தக் கட்டிக்கிட்டா வெத்தலையக்கூடத் தொட மாட்டாரு. கோயம்புத்தூருக்குப் போயி உன்னையத் தேடிட்டு அன்னைக்கே திரும்ப முடியாது. அந்த நாளுகதான் உங்களுக்கு. அதுக்குள்ள ஒரு கோயில்ல தாலியக் கட்டி, ரிஜிஸ்தர் ஆபீசுல எழுதி, இருக்குற ரூம மாத்திருங்க. வக்கீல இப்பயே போயிப் பாரு. போலீஸ்ல ஒரு மனுவும் குடுத்து வை. நல்ல வேளை, அந்தப் பிள்ளையோட அய்யாவும் அம்மாவும் மூத்த மகன் கூடத் திருப்பூர்ல இருக்காக, இங்கன பூட்டுன வீடுதான் கெடக்கு. அவுகளும் இந்த வருசம் திருவிழாவுக்கு இங்கிட்டு வரவே கூடாதுன்னு சொல்லு. அடிய மொதல்ல வாங்குறது அவுகளாத்தான் இருப்பாக, நாம இல்ல. அதை எந்நேரமும் மனசுல வச்சுக்க. ஆத்தாளுக்குக் கட்டுற காப்ப இப்பிடி ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துறனேன்னு எனக்கும் இருக்குது. கோவிச்சுக்கிட்டா என்கிட்டக் கோவிச்சுக்கிரட்டும், நான் பேசிக்கிர்றேன்.

போட்டா எதையும் ஸ்டேட்டஸ்ல போடாத. கூடப் படிச்ச பயகிட்டக்கூட வாயத் தொறக்காத. உங்களுக்காகக் கண்ணு கலங்குறவன் யாராச்சும் வந்தா, அவன் கண்ணப் பாக்காத, அவன் யாருன்னு பாரு. ரெண்டு பேரும் பெரிய காதலுன்னு பேரெடுக்க வேண்டாம். கறிக்கு உப்புப் பத்தலன்னு சண்டை போடுங்க, தொந்தி போட்டு, தல நரைச்சு, எவனும் திரும்பிப் பாக்காத ஆளுகளா இருங்க. எழுதுறதுக்கு ஒண்ணுமே இல்லாத வாழ்க்கைதான் எனக்கு வேணும். அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு, அவ கேட்ட கேள்விக்கு நான் மேடையில பதில் சொல்லப் பாத்தேன், என்னால முடியலன்னு.

நானும் அய்யாவும் கல்யாணத்துக்கு வரமாட்டோம். வரக் கூடாது. வாத்தியாரம்மா வீடு பூட்டிக் கெடந்தா ஒரு மணி நேரத்துல ஊரு மோப்பம் பிடிச்சிரும். நாங்க இங்கன எல்லாரு கண்ணு முன்னாடியும் இருக்கணும். பழைய நாடகத்தையே போடுறோம், தெருப் பேரு இல்லாம. சனம் அழும். நான் மேடைக்குப் பின்னாடி நின்னு, ஒரு ஆளாச்சும் எந்திரிச்சுப் போறானான்னு எண்ணிக்கிட்டு நிப்பேன்.

தாலிய இங்கன பொங்க வைக்கிற அன்னைக்குக் காலையில கட்டிரு. மொத முடிச்ச மாப்பிள்ளை போட்டா மிச்சத்த அக்கா தங்கச்சிதான் போடணும். உனக்குக் கூடப் பொறந்தவ இல்ல. சித்தப்பா மகதான் என் அண்ணனுக்கு நான் போடுவேன், பட்டுப் பாவாடை எடுத்துக் குடுக்கணும்னு சின்னதுலயே சொல்லி வச்சிருந்தா. அவளக் கூப்பிட முடியாது. சிநேகிதக்காரி எவளையும் போடச் சொல்லாத, முடிச்சுப் போட்டவ யாருன்னு நாளைக்குத் தேடுவாக. மூணையும் நீயே போடு. அவசரப்படாத, கை நடுங்குனா நின்னு நிதானிச்சு, நல்லா இறுக்கிப் போடு.

அந்நேரம் இங்கன கோயில் வாசல்ல நாங்க பொங்க வச்சுக்கிட்டிருப்போம். பான பொங்குறப்ப பொம்பளைக எல்லாரும் சேந்து குலவை போடுவோம்ல, அப்ப நானும் போடுவேன். எதுத்தாப்புல உங்க சித்தப்பா நிப்பாரு, மஞ்சக் கயிறு கட்டுன கையக் கூப்பிக்கிட்டு. அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே, என் மகன் கல்யாணத்துக்கு, தொண்டை கிழியப் போடுவேன்.